தொப்பி கொடுத்து வாங்கிய நூல்

"இந்தப் போன் எனக்குப் பிடிக்கவில்லை" என்னும் வார்த்தையைக் கேளாத வீடு இன்று திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் அரிது. மனையாவெளியானாலும் திருக்கடலூரானாலும் பாலையூற்றானாலும், வீடு சந்திக்கச் செல்லும் குருவானவரிடம் தாய்மார் முறையிடும் காரியங்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது. "சுவாமி, போன வருசம்தான் சீட்டுக்காசில எடுத்துக் குடுத்தனாங்கள். இப்ப அது பிடிக்கேல்லையாம். நீங்கள் கொஞ்சம் சொல்லுங்கோ" என்பார் தாய். பிள்ளையோ தலை குனிந்தபடி அந்தப் பிடிக்காத தொலைபேசியையே தடவிக்கொண்டிருக்கும். பிடிக்காத பொருளொன்றை இத்தனை மணித்தியாலம் கையை விட்டிறக்காமல் வைத்திருக்கும் பொறுமை நமது இளையோருக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, பிடிக்கவில்லை என்பதிலும் இரு வகை உண்டு. முதலாவது, கருவி தன் வேலையைச் செய்யாமையால் வரும் வெறுப்பு. மின்கலம் ஒரு மணித்தியாலத்தில் இறங்கிவிடுகிறது, நினைவகம் நிரம்பிவிட்டது, திரை வெடித்து எழுத்துகள் இரண்டாகத் தெரிகின்றன. இது நியாயமான குறை. வலை கிழிந்தால் மீனவர் முதலில் பொத்திப் பார்ப்பார். பொத்த இயலாதபோது புதுவலை எடுப்பார். அதனை எவரும் ஆடம்பரம் என்பதில்லை. இரண்டாவது வகை வெறுப்பு, அயல்வீட்டுப் பிள்ளையின் கையில் புதியதொன்று வந்த அன்று மாலை பிறப்பது. பிறருடைய வீட்டை மட்டுமன்றி அவருடைய மாட்டையும் கழுதையையுங்கூட விடுதலைப் பயண நூலின் கட்டளை பெயர் சொல்லி விலக்குகிறது. அக்காலத்து மனிதருக்கு வாய்த்த கருவிகள் அவைதாம். அயலவரின் கழுதை தன் கழுதையைவிட வேகமாக ஓடியதைக் கண்டு உறக்கமிழந்தவர்கள் அன்றும் இருந்திருக்க வேண்டும். இல்லாவிடில் கட்டளைக்குத் தேவை ஏது?

இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு வினா போதும். "இந்தத் தொலைபேசியில் நீ செய்ய முயன்று முடியாமற்போன காரியம் எது?" என்று பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். படம் தெளிவில்லை என்பார்கள். விளையாட்டு நின்று நின்று போகிறது என்பார்கள். வாசிக்க முடியவில்லை என்று சொல்லும் பிள்ளை மிக அரிது. அவ்வாறு ஒருவர் சொன்னால், பெற்றோர் கடன்படாமல் இயலுமாயின், அவருக்குப் புதியது எடுத்துக் கொடுக்கத் தயங்க வேண்டாம் என்பதே இவ்வெழுத்தாளரின் கருத்து. ஏன் என்று விளக்கச் சற்றுத் தூரம் செல்லவேண்டும். தூரம் என்றாலும், தொடக்கம் நமது குடாவிலேயே இருக்கிறது.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புதிய மரம் தேடிக் கொட்டியாரக்குடாவுக்கு வந்து நங்கூரமிட்டது. கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் 1660ஆம் ஆண்டில் கப்பல் தலைவரையும், அவருடைய மகன் றொபேட் நொக்சையும், மாலுமிகள் சிலரையும் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டு சென்றனர். மகனுக்கு அப்போது வயது பத்தொன்பது அளவில் இருக்கும். தந்தையும் மகனும் காய்ச்சலில் விழுந்தனர். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் தந்தை இறந்தார். எழுந்து நிற்கவும் வலுவற்ற மகனே அவரை அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. அதன்பின் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் அவர் அந்த மலைநாட்டில் கைதி.

அவரிடம் இருந்தவை இரண்டே நூல்கள். இரண்டும் பக்தி நூல்கள். திரும்பத் திரும்ப வாசித்தமையால் அவை தமக்கு ஏறக்குறைய மனப்பாடமாகிவிட்டன என்று அவர் பின்னாளில் எழுதினார். ஒருநாள் ஓடையொன்றில் அவர் தூண்டிலிட்டுக்கொண்டிருந்தார். அவ்வழியே சென்ற முதியவர் ஒருவர், இவருக்கு நூல் வாசிக்கத் தெரியுமா என்று அவருடன் இருந்த சிறுவனிடம் விசாரித்தார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்த காலத்தில், அதாவது 1656ஐ அண்டி, தமக்கு ஒரு நூல் கிடைத்ததென்றும் அதனை விற்க விரும்புவதாகவும் சொன்னார். சிறுவன் சென்று அதனை எடுத்து வந்தான். திறந்து பார்த்தால், ஆங்கிலத் திருவிவிலியம்!

அவர் கண்ணில் முதலில் பட்ட இடம் திருத்தூதர் பணிகள் பதினாறாம் அதிகாரம். பிலிப்பி நகரின் சிறைக்காவலர், மீட்படைய என்ன செய்யவேண்டும் என்று பவுலையும் சீலாவையும் கேட்கும் பகுதி அது. காவலர் கைதிகளிடம் கேட்ட கேள்வியைக் கைதியொருவர் ஓடைக்கரையில் நின்று வாசிக்கிறார். அந்நூலுக்காகத் தமக்குள்ள யாவற்றையும் கொடுத்துவிட அவர் ஆயத்தமாயிருந்தார். சிறுவன் விவேகி. ஆவலை வெளியே காட்டவேண்டாம் என்று தடுத்து, பின்னற்றொப்பி ஒன்றோடு வியாபாரத்தை முடித்துவிட்டான். தொப்பி பின்னி விற்பதே நொக்சின் பிழைப்பாக இருந்தது. ஆகவே நூலின் விலை அவருடைய உழைப்பின் ஒரு பங்கு. 1679இல் அவர் மன்னார்ப் பக்கத்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய இலங்கை பற்றிய நூல், 1719இல் தோன்றிய 'றொபின்சன் குறூசோ' என்னும் புகழ்பெற்ற கதைக்குத் தூண்டுகோலானவற்றுள் ஒன்று எனக் கருதுவாருளர். நொக்ஸ் நம் திருச்சபையைச் சார்ந்தவர் அல்லர். அதனால் இந்நிகழ்ச்சியின் சுவை நமக்குக் குறையப் போவதில்லை.

தரம் 8இல் படிக்கும் மாணவரின் பையிலுள்ள கருவி, முழுத் திருவிவிலியத்தையும் ஏற்றியபின்னும் இடம் நிறைந்ததாகக் காட்டாது. தொப்பியும் கேட்பதில்லை. அதனாலேதானோ என்னவோ, அது அங்கே இருப்பது பலருக்கு ஆண்டுக்கணக்கில் தெரியாமலே போகிறது.

"பாதர், வாசிக்கச் சொன்னால் நித்திரை வருகிறது" என்று இளையோர் சொல்வதுண்டு. அவர்களை உடனே கடிந்துகொள்ள வேண்டியதில்லை. வாசிப்பில் இன்பம் வேண்டும் என்று எதிர்பார்ப்பது பாவமன்று. லொயோலா நகர்ப் புனித இன்னாசியார் 1521 மே மாதம் பம்பலோனாக் கோட்டைச் சண்டையில் காலில் குண்டடிபட்டு வீட்டில் படுத்திருந்தபோது கேட்டவை வீரசாகசக் கதைகள். அவ்வீட்டில் அவை கிடைக்கவில்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறு ஒன்றும், 'புளோஸ் சாங்ற்றோரும்' எனப்படும் புனிதர் வரலாறும் மட்டுமே இருந்தன. வேறு வழியின்றி அவற்றை வாசித்தார். வாசிக்காத வேளைகளில் பழைய சாகசக் கனவுகளிலும் மணிக்கணக்கில் மூழ்கினார். இரண்டுமே அவருக்கு இன்பம் தந்தன என்பதைக் கவனிக்கவேண்டும். வேறுபாடு பின்னரே புலப்பட்டது. சாகசக் கனவு கலைந்தபின் உள்ளம் வறண்டு கிடந்தது. புனிதரைப் பின்பற்றும் எண்ணம் நீங்கியபின்னும் மகிழ்ச்சி தங்கியிருந்தது. ஆவிகளைத் தேர்ந்து தெளியும் அவருடைய போதனைக்கு விதை அந்த நோய்ப்படுக்கையில் விழுந்தது.

தொலைபேசியைப் பற்றிய சோதனையும் அங்கேயே இருக்கிறது. சிறு காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்க்கும் ஒரு மணித்தியாலம் இன்பமற்றது என்று சொல்வது பொய், பிள்ளைகள் நம்பமாட்டார்கள். கருவியைக் கீழே வைத்தபின் பத்து நிமிடம் கழித்து உள்ளத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். முன்னர் பார்த்த காணொளிகளில் மூன்றையாவது நினைவுகூர முடிகிறதா? பெற்றோரும் இதே சோதனையைத் தம்மிடம் செய்து பார்ப்பது நன்று. செய்திகளையும் வதந்திகளையும் நள்ளிரவுவரை பகிர்ந்துகொண்டிருப்பவர்கள் பிள்ளைகள் மட்டுமல்லர்.

இன்னாசியார் படுக்கையில் வாசித்த அதே வகை நூல், அறுபத்தைந்து ஆண்டுகளின் பின் தமிழில் அச்சேறியது என்பதை நம்மில் பலர் அறியோம். இயேசு சபையைச் சேர்ந்த ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறு நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். 1586இல் முத்துக்குளித்துறை மக்களுக்காக அவர் வெளியிட்ட பெருநூல் 'புளோஸ் சாங்ற்றோரும்' என்றே அழைக்கப்பட்ட அடியார் வரலாறு. கடலை நம்பி வாழ்ந்த மக்களுக்கு முதலில் மன்றாட்டும் மறைக்கல்வியும் கொடுத்தார். அடுத்து கதை கொடுத்தார். வீரமாமுனிவர் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சிரிக்கவும் வைத்தார். அவருடைய பரமார்த்த குருவின் கதையில் வரும் மட்டிச் சீடர்களைப் பார்த்துச் சிரிக்காத தமிழ்ப் பிள்ளை இல்லை. அக்கதை 1822இல் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சாகி, தமிழ் கற்க வந்த வெள்ளையருக்குப் பாடநூல் போலவும் பயன்பட்டது. தமிழின் முதல் நாவலெனப் போற்றப்படும் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் கத்தோலிக்கரே. நீதிமன்றத்தில் முன்சீப்பாக இருந்தவர், இன்பமாக வாசிக்கத்தக்க உரைநடை தமிழில் இல்லையென்ற குறையைத் தாமே தீர்க்க முற்பட்டார்.

நமது திருகோணமலைக்கும் இதில் பங்குண்டு. அதனைச் சற்றுப் பெருமையோடுதான் சொல்லவேண்டியிருக்கிறது. திருகோணமலையைச் சேர்ந்த எஸ். இன்னாசித்தம்பி 1891இல் 'ஊசோன் பாலந்தை கதை'யை வெளியிட்டார். நம் மறைமாவட்டம் உருவாவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு. சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' (1885) வந்து ஆறே ஆண்டுகள் கழித்து. ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கத்தைப் பேசுவோர் இவ்விரண்டையும் விடாது குறிப்பிடுவர். நான்கு ஆண்டுகளின் பின், 1895இல், இதே ஊரவரான தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' சென்னையில் வெளியாயிற்று. அது தமிழின் முதல் வரலாற்று நாவல் என்பர். கப்பல்கள் வந்துபோகும் ஒரு துறைமுகப் பட்டினம் ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டு கதைகளைத் தமிழுக்குத் தந்தது. இன்று அந்தப் பெயர்களைக் கேட்டால் உயர்தர மாணவரும் விழிக்கின்றனர். இது பாடத்திட்டத்தின் குறை மட்டுமன்று.

இன்னாசித்தம்பியின் கதை ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக வழங்கிய 'வலன்ரைன், ஓர்சன்' என்னும் இரட்டையர் கதையின் தமிழ் உரு. அநியாயமாக விரட்டப்பட்ட அரசகுமாரி காட்டில் இரு ஆண்மக்களைப் பெறுகிறாள். ஒரு குழந்தையைக் கரடி தூக்கிச் சென்று வளர்க்கிறது; பிரெஞ்சு மொழியில் ஓர்சன் என்ற பெயருக்கே கரடிக்குட்டி என்பது பொருள். மற்றக் குழந்தை அரண்மனையில் வளர்கிறது. ஆண்டுகள் பல சென்றபின், ஊரை அச்சுறுத்தும் காட்டுமனிதனை அடக்க அரண்மனை வீரன் புறப்படுகிறான். அடக்கிக் கூட்டிவந்து, மனிதரோடு பழகக் கற்பித்து, வெகு காலத்தின் பின்னரே அவன் தன்னுடைய உடன்பிறந்தவன் என்று அறிகிறான். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கி, ஒருவரையொருவர் அஞ்சியும் வாழ்ந்த ஊர் இது. இங்கு பிறந்த எழுத்தாளர் ஒருவர் உலகத்துக் கதைகள் அனைத்துள்ளும் இதைத் தேர்ந்தெடுத்ததை நினைக்கும்போது, பின்னால் நடந்தவை மனதில் வராமற் போவதில்லை. கதையாகவோ அது முதலில் ஒரு விறுவிறுப்பான கதை. பிள்ளைகளுக்கு அப்படியே அறிமுகப்படுத்தலாம். விளக்கவுரை பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆசிரியரின் பெயரிலும் இன்னாசியார் இருக்கிறார் என்பது போகிற போக்கில் சொல்லத்தக்க ஒரு செய்தி.

திருத்தந்தை பிரான்சிஸ் 2024 யூலை 17ஆம் திகதியிட்டு, உருவாக்கப் பயிற்சியில் இலக்கியத்தின் இடம் பற்றி ஒரு மடல் எழுதினார். 2025 ஏப்பிரலில் இறைவனடி சேர்வதற்கு ஒன்பது மாதங்கள் முன்பு. குருமாணவர்களை மனதிற்கொண்டு தொடங்கி, பின்னர் எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் உரியதாக விரித்ததாக அவரே அதில் குறிப்பிட்டார். இருபத்தெட்டாவது வயதில் ஆர்ஜென்ரீனாவின் சாந்தா பே நகரில் இயேசு சபையினரின் பாடசாலையில் அவர் இலக்கியம் கற்பித்தார். பாடத்திட்டத்தில் இருந்தது பழைய ஸ்பானிய வீரகாவியம். மாணவருக்கு அது கசந்தது. தம் காலத்துக் கவிஞர் லோர்க்காவை வாசிக்க விரும்பினர். ஆசிரியர் ஒரு வழி கண்டார். காவியத்தை வீட்டில் படித்து வாருங்கள், வகுப்பில் உங்களுக்குப் பிடித்தவர்களைப் பற்றிப் பேசுவோம் என்றார். பிடித்தவற்றில் தொடங்கிய அம்மாணவர் காலப்போக்கில் மற்ற நூல்களுக்கும் தாமே வந்து சேர்ந்தனர். கடமைக்காக வாசிப்பதைப் போல வாசிப்பைக் கெடுப்பது வேறில்லை என்பது அவருடைய கருத்து. திரைகளின்மீதான மோகத்துக்கும் நச்சுப் பொய்ச்செய்திகளுக்கும் மாற்றாக, இலக்கியத்துக்கு நேரம் ஒதுக்கும் குருமடங்களையும் அவர் பாராட்டியிருக்கிறார்.

ஆயினும் நமது பகுதியில் திரையையும் நூலையும் எதிரிகளாக நிறுத்திவிட முடியாது. 1981 யூன் முதல் நாளுக்கு முந்திய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. புனித பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தத் தீயைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகளார் அதிர்ச்சியில் உயிர்நீத்தார். நூல் எரிந்ததைக் கண்டு உயிர் விட்ட குருவானவரைப் பெற்ற திருச்சபை இது. போரில் வீட்டுக்கு வீடு அலுமாரிகள் அழிந்தன. 2004 டிசம்பர் 26இல் கடலும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. எஞ்சியவற்றைத் தேடி மின்வடிவமாக்கும் பணியை 2005இல் தொடங்கிய 'நூலகம்' திட்டம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் நினைவுமலர்களையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களுக்கு அதே தொண்டைச் செய்கிறது. எரியாத நூலகம் ஒன்றின் வாசல் அந்தப் பிடிக்காத தொலைபேசிக்குள் இருக்கிறது.

அந்த வாசலில் நுழைய முயன்றவருக்குத்தான் கருவியின் உண்மையான குறை தெரியவரும். 'நூலகம்' தளத்தில் உள்ள பல நூல்கள் பக்கங்களைப் படமாக எடுத்தவை. சிறிய திரையில் ஒரு வரியை வாசிக்க இடமும் வலமும் இழுக்க வேண்டும். பத்துப் பக்கத்தில் கண் களைத்துவிடும். எழுத்துகளாகவே உள்ள நூல்களைப் பெருப்பித்து வாசிக்கலாம். படங்களாக உள்ளவற்றுக்கு அகன்ற திரையே வேண்டும். நினைவகம் நிரம்பிவிட்டதென்றால், கடைக்குப் போகுமுன் ஒரு ஞாயிறு மாலை உட்கார்ந்து பழைய காணொளிகளை அழித்துப் பாருங்கள். பல தொலைபேசிகள் அதனுடனேயே மீண்டும் பிடித்துப்போகின்றன! மின்கலம் மட்டும் பழுதென்றால் அதனை மாற்றிக் கொடுக்கும் கடைகள் நகரில் உண்டு. இவை எதனாலும் தீராவிடில் மாற்றலாம். வாங்கும்போது புகைப்படக் கருவியின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காமல், கடையிலேயே ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து ஐந்து நிமிடம் வாசித்துப் பாருங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவுபெற்ற கருவிதானா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மலிவென்று எடுத்துப் பின்னர் இணைப்பின்றி நிற்பதில் பயனில்லை.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே தட்டிக்கேட்க வேண்டியிருக்கிறது. புதியது வந்தவுடன் பழையது அம்மம்மாவுக்குப் போகிறது. வெடித்த திரை, மங்கிய வெளிச்சம், விரல் வைத்தால் தாமதித்து எழும் எழுத்து, எல்லாம் கண்ணில் புரை விழுந்த எழுபது வயதுக்காரியின் கைக்கு. கண் நன்றாகத் தெரியும் பதினைந்து வயதுக்காரருக்கு அகன்ற திரை. வீட்டில் பெரிய எழுத்து யாருக்கு வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. முதுமையில் சிறையிலிருந்த பவுல், துரோவாவில் விட்டுவந்த மேலுடையைக் கொண்டுவரும்படி திமொத்தேயுவுக்கு எழுதியபோது, நூல்களையும் மறவாமல் கேட்டார். தோற்சுருள்களைச் சிறப்பாகக் குறிப்பிட்டார். குளிருக்குப் போர்வையும் வாசிக்க நூலும், இவ்விரண்டுமே அந்த முதியவரின் தேவை. புதுத் தொலைபேசி வாங்கும் வசதி ஒரு குடும்பத்துக்கு வாய்த்தால், அதனை அம்மம்மாவுக்கு எடுத்து, அவரிடமிருந்து பேரப்பிள்ளை நாளுக்கு ஒரு மணித்தியாலம் இரவல் வாங்கட்டும். இரவல் கேட்கும்போது ஏற்படும் பேச்சு வார்த்தையும் வீட்டுக்கு நல்லதே.

கார்த்திகையில் வாடை எழுந்து கடல் குழம்பும்போது வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும். மழை நாள்களில் ஆறரைக்கே இருட்டிவிடும். செபமாலை முடிந்தபின் அரை மணித்தியாலம் ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கலாம். எத்தியோப்பிய அரச அலுவலர் தேரில் இருந்தபடி எசாயாவை வாய்விட்டு வாசித்தமையாலேயே பிலிப்புவின் காதில் அது விழுந்தது. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்போருக்கு, நாம் பரிந்துரைப்பது தோபித்து நூல். பதினான்கே அதிகாரங்கள். நெடும் பயணம் உண்டு, கூடவே ஓடிவரும் நாய் உண்டு, யாரென்று சொல்லாமல் வழித்துணைக்கு வரும் வானதூதர் உண்டு, திருமணமும் உண்டு. ஆறாம் அதிகாரத்தில் ஆற்றிலிருந்து பெரிய மீனொன்று துள்ளியெழுந்து இளைஞனின் காலைக் கவ்வ வருகிறது. அதனை அவன் எப்படிக் கரைக்கு இழுத்தான் என்பதைத் திருக்கடலூர்ப் பிள்ளைகள் நிச்சயம் விவாதிப்பார்கள். அந்த மீனின் பித்தப்பையை எதற்காக எடுத்துவைத்தார்கள் என்பது பதினோராம் அதிகாரத்தில் வரும். அதுவரை அம்மம்மாவிடம் சொல்லவேண்டாம்.